லைசென்ஸ் மைக்ரோவேவ் லிங்க் போடப் போகிறீர்களா? ரேடியோவைக் கடைசியில் வாங்குங்கள்

அமெரிக்காவில் கான்சாஸ் பக்கம், கோதுமை வயல்களுக்கு நடுவே வயர்லெஸ் இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த நம்மூர்ப் பிள்ளைகள் அவ்வப்போது கூப்பிடுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும், "அண்ணா, 11 கிகாஹெர்ட்ஸுக்கு எந்த ரேடியோ வாங்கலாம்?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். "எந்த டவரிலிருந்து எந்த டவருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது.

ரேடியோ என்பது டவருக்கு டவர் டேட்டாவை அனுப்பி வாங்கும் பெட்டி. அதைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையின் கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகளில் ஒழுங்காக ஏறினால், எந்த ரேடியோ என்பது பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும். வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் கைக்காசு கொடுத்துத் தெரிந்துகொண்டோம், அதையும் சொல்கிறேன். இதில் வரும் விதிமுறைகள் அமெரிக்காவுக்கானவை, அதாவது அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிகளில் 101ஆம் பகுதி. மழையும் பூமியின் வளைவும் எல்லா ஊருக்கும் பொது.

லைசென்ஸ் எதற்கு

ஃபைபர் வந்து முடியும் இடத்திலிருந்து அடுத்த டவருக்கு இன்டர்நெட்டைச் சுமந்துபோகும் லிங்க்தான் பேக்ஹால். டவரிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவது தனிக் கதை. எங்கள் முதல் பேக்ஹால் லிங்குகள் எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸில், லைசென்ஸ் தேவைப்படாத அலைவரிசையில் ஓடின. பகலில் 300 மெகாபிட் கொடுத்த லிங்க் ராத்திரி எட்டு மணிக்கு, ஊரே வீடியோ பார்க்கும் நேரத்தில், 90க்கு இறங்கிவிடும். பத்து மைல் தள்ளி வேறு யாரோ அதே சேனலில் டிஷ் மாட்டியிருப்பார். அவரிடம் போய்ச் சண்டை போட நமக்கு உரிமை கிடையாது. அவருக்கும் அதே அலைவரிசை பொதுச் சொத்துதான். சேனலை மாற்றுவோம், மூன்று மாதம் ஓடும், மறுபடி அதே கதை.

லைசென்ஸ் எடுத்தால் அந்தப் பாதையில் அந்த அதிர்வெண் உங்கள் பெயரில் பதிவாகிறது. பின்னால் வருபவர் உங்களுக்கு இடைஞ்சல் வராதபடிதான் தன் லிங்கை அமைக்க முடியும். நீங்களும் உங்களுக்கு முன்னால் இருப்பவரை அப்படியே மதிக்க வேண்டும். ஒரே லிங்கை நம்பி நூறு வீடுகள் இருந்தால், இந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

எவ்வளவு வேகம் வேண்டும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உங்கள் ரவுட்டரில் ராத்திரி எட்டிலிருந்து பத்து மணி வரைக்குமான வரைபடத்தைப் பாருங்கள். அந்த உச்சத்தை வாடிக்கையாளர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்று வரும். புது இடம், வரைபடம் இல்லை என்றால், நான் வீட்டுக்கு 3 மெகாபிட் என்று வைத்துக்கொள்வேன். 150 வீடு என்றால் 450 மெகாபிட். அதை இரண்டால் பெருக்குங்கள், ஏனென்றால் இந்த லிங்க் குறைந்தது ஐந்து வருஷம் உழைக்க வேண்டும். அந்த டவருக்கு அப்பால் இன்னொரு டவர் வரப்போகிறது என்றால் அதன் சுமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலரும் மறப்பது இந்தக் கடைசி வரியைத்தான்.

பாதையைக் காலால் நடந்து பாருங்கள்

கணினியில் பாதை வரைந்து தரும் மென்பொருள்கள் நிறைய உண்டு. தரையின் ஏற்ற இறக்கத்தை அவை நன்றாகவே காட்டும். போன வருஷம் யாரோ கட்டிய களஞ்சியத்தையும் ஓடைக்கரையில் வளரும் காட்டன்வுட் மரத்தையும் காட்டாது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்; கட்டுரை முழுக்க இதையே வைத்துப் பேசலாம். எங்கள் பக்கம் தானியத்தைச் சேமிக்கக் கான்கிரீட்டில் உயரமான கோபுரங்கள் கட்டியிருப்பார்கள். அப்படி ஒன்றின் தலையில், தரையிலிருந்து 40 மீட்டரில் ஒரு டிஷ். அங்கிருந்து 20 கிலோமீட்டரில் ஒரு ஊர்த் தண்ணீர்த் தொட்டி, அதில் 35 மீட்டரில் இன்னொரு டிஷ். நடுவில் தட்டையான நிலம்.

கண்ணுக்கு எதிர் டவர் தெரிந்தால் போதும் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். போதாது. ரேடியோ அலை ஒரு நூல்கோடு போலப் போவதில்லை. நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவத்தில் இடம் கேட்கும். இதை ஃபிரெனல் வளையம் என்பார்கள். 11 கிகாஹெர்ட்ஸில் 20 கிலோமீட்டர் பாதைக்கு நடுப்புள்ளியில் அதன் ஆரம் சுமார் 11.6 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 7 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். அடுத்தது பூமியின் வளைவு. 20 கிலோமீட்டருக்கு நடுவில் தரை ஏறக்குறைய 6 மீட்டர் மேலே எழும்பி நிற்பதாகக் கணக்கு. காற்றில் அலை கொஞ்சம் வளைந்து போவதையும் சேர்த்த எண் இது. பிறகு மரம். இன்றைக்கு 15 மீட்டர் என்றால் 18 என்று போடுங்கள், மரம் நமக்காக வளராமல் நிற்காது. 7, 6, 18 மூன்றையும் கூட்டினால் 31 மீட்டர். நம் பாதையின் நடுப்புள்ளி 40க்கும் 35க்கும் இடையே, 37.5 மீட்டரில் போகிறது. ஆறரை மீட்டர் மிச்சம். சரி, இந்தப் பாதை தேறும்.

மரம் இருக்கும் இடத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எங்கள் மாநிலத்தில் இன்னொரு தொல்லை காற்றாலை. இன்று காலி வயலாக இருக்கும் இடத்தில் இரண்டு வருஷம் கழித்து இறக்கை சுற்றிக்கொண்டிருக்கும். பாதையில் நிலம் வைத்திருப்பவரிடமோ கவுண்டி அலுவலகத்திலோ ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

எந்த அலைவரிசை

அமெரிக்காவில் சின்ன நிறுவனங்களுக்குப் பழக்கமான லைசென்ஸ் பட்டைகள் 6, 11, 18, 23 கிகாஹெர்ட்ஸ். இவற்றோடு 71 முதல் 76 வரையும் 81 முதல் 86 வரையும் சேர்த்து 80 கிகா என்று பேச்சில் சொல்லும் பட்டை. தூரமும் மழையும்தான் இவற்றைப் பிரித்துவிடும்.

மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழையை நினைத்துக்கொள்ளுங்கள். காரின் வைப்பர் வேகமாக ஓடியும் ரோடு தெரியாத மழை. அந்த மழைக்குள் ஒரு கிலோமீட்டர் போனால் 6 கிகாவில் சுமார் 0.35 டிபி (டெசிபல், சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) இழப்பு. 11 கிகாவில் ஏறக்குறைய 2 டிபி, 18இல் 5, 23இல் 7. 80இல் கிட்டத்தட்ட 19 டிபி. துருவம் என்றால் அலை ஆடும் திசை. இந்த எண்கள் கிடைமட்டத் துருவ அலைக்கானவை. செங்குத்துத் துருவத்தில் இழப்பு கொஞ்சம் குறையும். அதனால் நீளமான லிங்கில் ஒரே ஒரு துருவத்தைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் செங்குத்தைக் கேளுங்கள்.

என் கைக்கணக்கு இது. 5 கிலோமீட்டருக்குள் என்றால் 80 கிகாவை முதலில் பாருங்கள். கிகாபிட் கணக்கில் வேகம் கிடைக்கும். 5 முதல் 12 கிலோமீட்டர் வரை 18. அதற்கு மேல் 30, 35 வரை 11. இன்னும் தூரம் என்றால் 6. மழை குறைந்த மேற்கு மாநிலங்களில் ஒவ்வொன்றையும் கொஞ்சம் நீட்டலாம், மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் சுருக்க வேண்டும். விதியிலும் ஒரு வேலி இருக்கிறது: 11 கிகா பாதைக்குக் குறைந்தபட்சத் தூரம் 5 கிலோமீட்டர், 6 கிகாவுக்கு 17. அதைவிடக் குட்டையான பாதை என்றால் அனுப்பும் சக்தியைக் குறைத்தாக வேண்டும்.

80 கிகா லைசென்ஸ் எளிது. நாடு முழுவதுக்கும் ஒரே லைசென்ஸ். பிறகு ஒவ்வொரு லிங்கையும் தரவுத்தளத்தில் பதிவு செய்துகொண்டால் போதும். ஆனால் கனமழை வந்தால் சுருண்டுவிடும். அதனால் பணம் உள்ள இடங்களில் 80ஐயும் 11ஐயும் ஒரே லிங்காகக் கட்டி ஓட்டுகிறார்கள். மழையில் 80 விழுந்தால் 11 தாங்கிப்பிடிக்கும். வேகம் குறையும், இணைப்பு அறாது. இதற்கென்றே இரண்டு பட்டைக்கும் சேர்த்து ஒரே டிஷ் கிடைக்கிறது.

6 கிகாவைப் பற்றித் தனியாக ஒன்று. 2020 ஏப்ரலில் எஃப்சிசி 5.925 முதல் 7.125 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள 1200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் லைசென்ஸ் இல்லாத வைஃபைக்கும் திறந்துவிட்டது. வெளியே வைத்து அதிக சக்தியில் ஓட்டும் வைஃபை கருவி ஒவ்வொன்றும், எந்த அதிர்வெண்ணில் பேசலாம் என்று ஏஎஃப்சி என்ற தானியங்கி அமைப்பிடம் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். 2024 பிப்ரவரியில் அப்படி ஏழு அமைப்புகளுக்கு அனுமதி கிடைத்தது. அந்த அமைப்பு உங்கள் லிங்கைக் காப்பாற்றுவது எஃப்சிசியின் லைசென்ஸ் தரவுத்தளத்தில் நீங்கள் எழுதியிருக்கும் இடத்தையும் உயரத்தையும் டிஷ்ஷையும் வைத்துத்தான். அங்கே தப்பாக எழுதியிருந்தால் அது தப்பான இடத்தைக் காப்பாற்றும்.

டிஷ்ஷுக்குச் செலவழியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ரேடியோவில் மிச்சம் பிடிக்கலாம், டிஷ்ஷில் பிடிக்காதீர்கள்.

நம் 20 கிலோமீட்டர் உதாரணத்துக்கு வருவோம். 11.2 கிகாஹெர்ட்ஸில் வெட்டவெளியில் மட்டுமே 139.5 டிபி இழப்பு. பண்பேற்றம் என்பது அலைமேல் டேட்டாவை ஏற்றும் முறை; 1024 க்வாம் அதில் அதிக டேட்டாவை ஏற்றும் ஒன்று. அந்தப் பண்பேற்றத்தில் ரேடியோ 20 டிபிஎம் (சக்தியை அளக்கும் அலகு) சக்தியில் அனுப்புகிறது என்று வைப்போம். இரண்டு பக்கமும் 3 அடி டிஷ், ஒவ்வொன்றும் 38 டிபி பெருக்கம். 20உடன் 76ஐக் கூட்டி 139.5ஐக் கழித்தால் மைனஸ் 43.5. இணைப்புகளில் போகும் சில்லறை இழப்பு ஒன்றரை டிபியையும் கழித்தால், மறுமுனையில் மைனஸ் 45 டிபிஎம் வந்து சேர வேண்டும்.

80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 1024 க்வாமைப் பிடித்து நிற்க ஒரு நல்ல ரேடியோவுக்கு மைனஸ் 57 சுற்றுவட்டாரம் வேண்டும். ஆக 12 டிபி கையிருப்பு. மழை 12 டிபிக்கு மேல் தின்றால் ரேடியோ பண்பேற்றத்தைக் கீழே இறக்கிக்கொள்ளும். இதைத்தான் ஏசிஎம் என்கிறார்கள். அடிமட்டமான க்யூபிஎஸ்கேவுக்கு மைனஸ் 83 போதும். அப்படிப் பார்த்தால் மொத்தக் கையிருப்பு 38 டிபி. கீழ்ப் பண்பேற்றத்தில் ரேடியோ கூடுதல் சக்தியில் அனுப்ப முடியும் என்பதால் நிஜத்தில் இன்னும் சில டிபி சேரும். கனமழை மொத்தப் பாதையையும் ஒரே நேரத்தில் மூடுவது அரிது. முன்பு பார்த்த 50 மில்லிமீட்டர் மழை எட்டு கிலோமீட்டருக்குப் பெய்தால் 16 டிபி போகும். லிங்க் வேகம் குறைந்து ஓடும், ஆனால் ஓடும்.

இதே பாதையில் 2 அடி டிஷ் போட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கத்துக்கு மூன்றரை டிபி, இரண்டு பக்கமும் சேர்த்து 7 டிபி போய்விடும். 12 இருந்த கையிருப்பு 5 ஆகிவிடும். சாதாரண மழைக்கே லிங்க் படியிறங்கத் தொடங்கும். அந்த 7 டிபியை விலையுயர்ந்த ரேடியோவால் ஈடுகட்டுவதும் கடினம்.

11 கிகாவில் 2 அடி டிஷ்ஷை எஃப்சிசி 2007இல்தான் அனுமதித்தது. சின்ன நிறுவனங்களுக்கு அது பெரிய வரம். டவர் வாடகையைப் பெரும்பாலும் டிஷ் அளவை வைத்தே கேட்பார்கள், காற்றுச் சுமையும் குறையும். ஆனால் சின்ன டிஷ் பக்கவாட்டில் அதிகம் சிந்தும். அதனால் வேறொருவரின் புது லிங்குக்கு வழி அடைபட்டால், பெரிய டிஷ்ஷுக்கு மாற வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். குட்டைப் பாதைக்கு 2 அடி, 12 கிலோமீட்டர் தாண்டினால் 3 அடி, 25 தாண்டினால் 4 அடி என்பது என் பழக்கம். டவரின் உறுதிக் கணக்கைப் பார்த்துச் சொல்லும் பொறியாளரிடம் நீங்கள் விரும்புவதைவிட ஒரு அளவு பெரிய டிஷ்ஷுக்கே கணக்குக் கேளுங்கள். பின்னால் மாற்ற நேர்ந்தால் மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை.

ஒருங்கிணைப்பும் லைசென்ஸும்

பாதையும் பட்டையும் டிஷ்ஷும் முடிவானதும் அதிர்வெண் ஒருங்கிணைப்பாளரிடம் போக வேண்டும். காம்சர்ச் போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்கின்றன. உங்கள் இரண்டு முனைகளின் அட்சரேகை தீர்க்கரேகை, டிஷ் மையத்தின் உயரம், டிஷ் மாடல், உத்தேச ரேடியோ எல்லாவற்றையும் கொடுத்தால், அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே உள்ள லிங்குகளோடு ஒப்பிட்டு காலியான சேனலைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு சுற்றுவட்டார லைசென்ஸ்தாரர்கள் எல்லோருக்கும் முன்னறிவிப்பு போகும். இதற்கு பிசிஎன் என்று பெயர். மறுப்புச் சொல்ல 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்றே பொருள். ஒருங்கிணைப்பு தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். தவறி, முன்னறிவிப்பையும் புதுப்பிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பிறகு எஃப்சிசியில் 601ஆம் படிவம். பலருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று: ஒருங்கிணைப்பு சுத்தமாக முடிந்து, விதிவிலக்கு எதுவும் கேட்காமல், டவருக்குத் தேவையான விமானப் போக்குவரத்து அனுமதியும் இருந்தால், விண்ணப்பம் போட்ட அன்றிலிருந்தே லிங்கை நிபந்தனையோடு ஓட்டலாம். 23 கிகாவில் இது குறிப்பிட்ட சேனல்களுக்கு மட்டும். மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கியைச் சுற்றி 1958 முதல் ஒரு அமைதி மண்டலம் இருக்கிறது. அதற்குள் லிங்க் போடுவதென்றால் அவர்களிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இந்த உடனடிச் சலுகையும் அங்கே கிடையாது. லைசென்ஸ் காலம் 10 வருஷம். ஒரு பாதை என்றாலும் இரண்டு முனைக்கும் தனித்தனி அழைப்புக்குறி, அதாவது லைசென்ஸின் அடையாளக் குறி, வரும். புதுப்பிக்கும்போது ஒன்றை மட்டும் புதுப்பித்துவிட்டு இன்னொன்றை மறந்துவிடாதீர்கள்.

இப்போது ஹை, லோ விஷயம். இந்தத் துறையில் புதியவரை அதிகம் சறுக்கவைப்பது இதுதான், கவனமாகப் படியுங்கள். லைசென்ஸ் ரேடியோ ஒரே நேரத்தில் பேசும், கேட்கும். பட்டையை இரண்டாக வெட்டி, ஒரு முனை மேல்பாதியில் அனுப்பும், மறுமுனை கீழ்ப்பாதியில் அனுப்பும். மேலே அனுப்பும் முனை ஹை, கீழே அனுப்பும் முனை லோ. ஒரு டவரில் ஏற்கெனவே ஒருவர் 11 கிகாவில் லோ அனுப்பிக்கொண்டிருந்தால், அவருடைய காது மேல்பாதியில் இருக்கிறது. நீங்கள் அதே டவரில் ஹை ஏற்றினால், மைல் கணக்கில் பயணித்து வரும் மெல்லிய குரலைக் கேட்க முயலும் அவர் காதுக்குப் பக்கத்தில் நின்று கத்துகிற மாதிரி ஆகும். அதனால் ஒரு டவரில் ஒரு பட்டைக்கு எல்லோரும் ஹை, அல்லது எல்லோரும் லோ.

இதிலிருந்து ஒரு விளைவு வருகிறது. டவர்களை வரிசையாகக் கோத்தால் ஹை, லோ, ஹை, லோ என்று மாறி மாறிப் போகும். மூன்று டவரை முக்கோணமாக வளைத்து எல்லா லிங்கையும் 11 கிகாவில் போட நினைத்தால் மூன்றாவது லிங்க் மாட்டிக்கொள்ளும். அதன் இரண்டு முனையும் ஹை, ஹை அல்லது லோ, லோ என்று வந்து நிற்கும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் டவர் உள்ள எந்த வளையத்துக்கும் இதே கதிதான். வளையம் போடுவதென்றால் இரட்டைப்படையில் போடுங்கள், இல்லையென்றால் ஒரு லிங்கை 18 கிகாவுக்கு மாற்றுங்கள். இதைத் தாளில் வரைந்து பார்த்துவிட்டு டவர் வாடகைக்குக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்களுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். விற்பனையாளர் ஒருவர் மாதக் கடைசித் தள்ளுபடி கொடுத்தார். ஒருங்கிணைப்பு பாதியில் இருக்கும்போதே 11 கிகா ரேடியோ ஒரு ஜோடி வாங்கிவிட்டோம். பல ரேடியோக்களுக்குள் டிப்ளெக்சர் என்ற வடிகட்டி இருக்கும். பட்டை முழுவதையும் அது கடக்கவிடாது, ஒரு துண்டை மட்டும்தான் விடும். நாங்கள் வாங்கியது முதல் துண்டு. ஒருங்கிணைப்பில் எங்களுக்குக் கிடைத்த காலிச் சேனலோ கடைசித் துண்டில் இருந்தது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. அந்த இரண்டு ரேடியோவும் எட்டு மாதம் கிடங்கு அலமாரியில், ஸ்டிக்கர்கூட உரிக்காமல் உட்கார்ந்திருந்தன. அந்த எட்டு மாதமும் அந்த ஊர்க்காரர்கள் பழைய 5 கிகா லிங்கில்தான் தவித்தார்கள். தள்ளுபடிப் பணத்தைவிட எனக்கு உறுத்தியது அதுதான். பிசிஎன் முடிந்து, சேனல் எண் கையில் வந்த பிறகு மட்டும் ஆர்டர் போடுங்கள்.

இனி ரேடியோ

ஆர்டர் படிவத்தில் பட்டை, துண்டு, ஹை அல்லது லோ மூன்றும் இப்போது உங்களுக்குத் தெரியும். மிச்சத்தைப் பார்ப்போம்.

விளம்பரத்தில் உள்ள வேகத்தை அப்படியே நம்ப வேண்டாம். 1.2 கிகாபிட் என்று போட்டிருந்தால் முதலில் கேளுங்கள்: ஒரு திசைக்கா, இரண்டு திசையையும் கூட்டியா? எத்தனை மெகாஹெர்ட்ஸ் சேனலில்? ஒரு துருவமா இரண்டா? டேட்டாப் பொட்டலங்களின் தலைப்பைச் சுருக்கி, அதனால் கூடியதாகக் காட்டும் எண்ணா? 11 கிகாவில் அதிகபட்ச சேனல் 80 மெகாஹெர்ட்ஸ். அதில் 1024 க்வாமுக்கு ஒரு துருவத்தில், ஒரு திசைக்கு நிஜமாகக் கிடைப்பது 600 முதல் 650 மெகாபிட். இரண்டு துருவத்தையும் ஒரே சேனலில் ஓட்டினால் இரட்டிப்பு. அதற்கு எக்ஸ்பிக் வசதி வேண்டும். ஒரு துருவத்திலிருந்து மற்றதுக்குக் கசியும் சத்தத்தைக் கழித்துவிடும் தொழில்நுட்பம் அது. நம் உதாரணத்தின் 900 மெகாபிட் தேவைக்கு இரண்டு துருவமும் வேண்டும். சில நிறுவனங்கள் இந்த வசதிகளையும் வேகத்தையும் திறந்துவிடும் தனித்தனி மென்பொருள் சாவியாக விற்கின்றன. பெட்டி விலையைப் பார்க்காமல், உங்களுக்குத் தேவையான வேகத்தில் ஓடும் நிலையில் மொத்த விலை என்ன என்று எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து சக்தி. விவரத்தாளில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் க்யூபிஎஸ்கே சக்தி. நமக்கு வேண்டியது 1024 க்வாமில் எவ்வளவு என்பது. அது பல டிபி குறைவாக இருக்கும். அந்த அட்டவணையையும், அதே பண்பேற்றத்தைப் பிடித்து நிற்க வேண்டிய குறைந்தபட்ச சிக்னல் அளவையும் எடுத்து, மேலே செய்த கணக்கை இரண்டு மூன்று ரேடியோவுக்குச் செய்து பாருங்கள். பாதை அறிக்கை தருபவர் 99.999 சதவீதம் என்று எழுதியிருப்பார். லிங்க் வருஷத்துக்கு ஐந்தேகால் நிமிஷம்தான் ஓடாமல் நிற்கும் என்று அர்த்தம். அது எந்தப் பண்பேற்றத்துக்கு என்று கேளுங்கள். அடிமட்டத்துக்கு 99.999உம், முழு வேகத்துக்கு 99.9உம் இருந்தால் நான் திருப்தியாகக் கையெழுத்துப் போடுவேன். 99.9 என்றால் வருஷத்தில் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேகம் இறங்கி ஓடும், லிங்க் நிற்காது.

முழுவதும் வெளியே தொங்கும் ரேடியோவா, பாதி உள்ளே பாதி வெளியேயா? கிராமப்புறச் சின்ன டவருக்கு முழு வெளி ரேடியோவே நல்லது. அறை வேண்டாம், ஏசி வேண்டாம். ஆனால் அதற்கு ஈதர்நெட் கேபிளில் மின்சாரம் ஏற்றாமல், ஃபைபரையும் தனி டிசி மின்சாரக் கேபிளையும் மேலே கொண்டுபோங்கள். எங்கள் பக்கம் இடி அதிகம். செம்புக் கேபிளில் இறங்கிய ஒரே இடியில் ரேடியோவோடு கீழே உள்ள ஸ்விட்சும் போனதைப் பார்த்திருக்கிறேன். ரேடியோவுக்கு ரேடியோ மின்சாரத் தேவை மாறும், 40 முதல் 70 வாட் வரை என்று வைத்து பேட்டரியைக் கணக்கிடுங்கள்.

செராகான், ஏவியாட், சியே, கேம்பியம், யுபிக்விட்டி, மிமோசா என்று ரேடியோ நிறுவனங்களின் பெயர்கள் காதில் விழும். எல்லோரிடமும் உழைக்கும் பொருள் இருக்கிறது. பெயரைவிட மூன்று விஷயம் பாருங்கள். உதிரி ரேடியோ எத்தனை நாளில் வரும்? ராத்திரி கூப்பிட்டால் எடுப்பது யார்? ஐந்து வருஷம் கழித்தும் மென்பொருள் திருத்தம் வருமா? டிராகன்வேவ் என்ற கனடா நிறுவனத்தின் ரேடியோக்கள் இங்கே நிறைய டவர்களில் இருந்தன. 2017இல் அந்த நிறுவனம் நொடித்தபோது வாங்கியவர்கள் தவித்துப்போனார்கள். சிக்லு என்ற இன்னொரு ரேடியோ நிறுவனத்தை 2023இல் செராகான் வாங்கியது. கம்பெனிகள் கைமாறும், மூடும். அதனால் ஆரம்பத்திலேயே உதிரி எடுத்து வையுங்கள். ஒரு ஹை, ஒரு லோ. முடிந்தவரை உங்கள் லிங்குகள் எல்லாம் ஒரே துண்டில் வரும்படி ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டால் ஒரே ஜோடி உதிரி எல்லாவற்றுக்கும் ஆகும்.

டவரில் ஏற்றும் நாள்

ஏறுபவரிடம் ஒரு எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்: நம் உதாரணத்துக்கு மைனஸ் 45. வெறுமனே "நல்லா சிக்னல் வர்ற வரைக்கும் திருப்புங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

ஒரு ஜனவரியில் நடந்தது. மேலே காற்று வீசி, ஏறியவரின் குரல் வாக்கிடாக்கியில் பாதி காற்றாகத்தான் வந்தது. "லாக் ஆயிடுச்சு, 67 நிக்குது, போல்ட் முறுக்கிடவா?" என்று இங்கிலீஷில் கேட்டார். லிங்க் ஓடிக்கொண்டிருந்தது, டேட்டாவும் போனது. கணக்கில் 45 இருக்க, மைனஸ் 67 என்றால் 22 டிபி குறைவு. 3 அடி டிஷ்ஷின் முதன்மைக் கற்றை 11 கிகாவில் இரண்டு டிகிரிதான் அகலம். அதற்குப் பக்கத்தில் இருபது டிபிக்கு மேல் பலவீனமான ஒரு பக்கக் கற்றை இருக்கும். அவர் அதில் நின்றுகொண்டிருந்தார். "முறுக்காதீங்க, அதே பக்கமா இன்னும் திருப்புங்க" என்றேன். 74, 81, சிக்னலே போய்விட்டது. மேலே அவர் நம்பிக்கை இழந்தது குரலில் தெரிந்தது. திருகில் இன்னும் கால் சுற்று. 70, 58, 49, 46. அங்கே நிறுத்தி, மேலும் கீழுமாகத் திருத்தியதில் 45க்கு வந்தது. அன்றைக்கு 67இல் முறுக்கியிருந்தால் முதல் கனமழையிலேயே லிங்க் படுத்திருக்கும், நாங்கள் ரேடியோவைத் திட்டிக்கொண்டிருந்திருப்போம்.

கணக்குக்கும் நிஜத்துக்கும் 2 டிபிக்குள் வரும்வரை யாரையும் இறக்காதீர்கள். இரண்டு துருவம் ஓட்டினால், ஒன்று மற்றதில் கசியாமல் பிரிந்து நிற்கும் அளவான துருவப் பிரிவு 30 டிபிக்கு மேல் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். அதற்கு டிஷ்ஷின் உள்முனையைத் துளி சுழற்ற வேண்டியிருக்கும், மறுபடி ஏறுவது வேலை.

டிஷ் மையத்தின் உயரத்தை டேப்பால் அளந்து, டிஷ்ஷின் மாடல் ஒட்டியிருக்கும் சீட்டை ஏறியவரிடமே படம் எடுத்து வாங்குங்கள். கீழே வந்ததும் லைசென்ஸில் உள்ள விவரத்தோடு ஒப்பிடுங்கள். அட்சரேகையில் ஒரு விநாடி பிசகினாலே 31 மீட்டர் தள்ளிப்போகும். வித்தியாசம் இருந்தால் திருத்த விண்ணப்பம் போடுங்கள்.

கடைசியாக, லைசென்ஸ் கிடைத்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் லிங்கைக் கட்டி, கட்டிவிட்டோம் என்று எஃப்சிசிக்கு அறிவிக்க வேண்டும். லிங்க் ஓடிக்கொண்டிருந்தாலும் அறிவிப்பு போகாவிட்டால் லைசென்ஸ் தானாகவே செத்துவிடும். லிங்க் ஏறிய அன்றைக்கு மாலையே, கையோடு, இரண்டு அழைப்புக்குறிக்கும் அந்த அறிவிப்பைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.